ஒடீலியா வீட்டுப் போன்

பெத்ரா மன்சா
18 அக்டோபர் 2009, ஞாயிறு

தம்பி ஜுராந்தீருக்கு,

செவ்வாய்க்கிழமை மூன்று தடவை போன் செய்தாய். மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். லைன் கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதே. இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்த் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊராரின் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். போனில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். எழுது. எழுதும்போதாவது கை கொஞ்சம் கூசும்.

போன சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர். எவெரால்தோ ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

"டோனா சுல்மிரா, டிவி பாத்தீங்களா? அந்தப் பழைய போன் கம்பெனி செத்துப் போச்சுன்னாங்களே, அதோட பங்கு இப்ப தாறுமாறா ஏறுதாம். பிரேசிலியாவுல அரசாங்கம் அதுக்கு மறுபடியும் உயிர் குடுக்கப் போகுதாம்."

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாமலா? எங்கம்மாகிட்ட உங்க தம்பி ஒரு காகிதம் வாங்கிட்டுப் போனாரே, பத்து வருஷம் இருக்கும். நீங்களும்தானே கூட வந்தீங்க? அதான் இதுவா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கடையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ரொட்டியை வாங்காமல் வந்துவிட்டேன். ஒரு வாரமாக மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் அந்தக் காலத்தில் போன் வாங்கியவர்களுக்கெல்லாம், கட்டிய பணத்துக்குக் கம்பெனியின் பங்கும் கூடவே வந்தது. உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தபாலில் வந்த காகிதத்தை ரசீது என்று நினைத்து பைபிளுக்குள்ளும் அலமாரியிலும் செருகி வைத்தார்கள். தொண்ணூற்றொன்பது மார்ச்சில் நீ வந்து இருபத்துமூன்று வீட்டில் அதைச் சொற்பக் காசுக்கு வாங்கிக்கொண்டு போனாய். ஒவ்வொரு வாசலிலும் நான் நின்றேன்.

ஒரே கேள்விதான். அந்தப் பங்குகள் இன்னும் உன்னிடம் இருக்கின்றனவா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

சுல்மிரா


பெலோ ஓரிசோந்தே
29 அக்டோபர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ரொட்டியை வாங்கிச் சாப்பிடு. எவெரால்தோவின் வாய்க்குப் பயந்து பட்டினி கிடப்பாயா? அவன் அப்பாவும் அப்படித்தான், மாவைவிட வாயில் காற்று அதிகம்.

கேட்டாய், சொல்கிறேன். இருக்கிறது. அதுவும் எப்படி இருக்கிறது தெரியுமா! அந்தக் கம்பெனியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி விற்றபோது ஊரெல்லாம் கறிக்குத்தான் அடித்துக்கொண்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பன்னிரண்டு துண்டிலும் ஒவ்வொரு பங்கு வந்தது. அதோடு மிச்சமாக நின்ற எலும்புக்கூட்டிலும் ஒன்று. அந்த எலும்புக்கூட்டிடம் ஒரு போன்கூடக் கிடையாது. ஒரு கட்டடமும் நாலு குமாஸ்தாக்களும் ஒரு வண்டி வழக்குகளும்தான். அதன் பங்கைச் சில்லறைக்கு அள்ளலாம்.

நான் என்ன செய்தேன்? கறியையெல்லாம் விற்று எலும்பை வாங்கினேன். இங்கே தரகர் ஆபீசில் விலைப் பலகையைப் பார்க்க ஓய்வூதியக்காரர்கள் தினமும் வந்து உட்காருவார்கள். பத்து வருஷமாக என் பெயரே அங்கே குழிவெட்டி. "என்னய்யா குழிவெட்டி, இன்னிக்குப் பொணம் கண்ணு முழிச்சுதா?" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு காப்பி குடிப்பேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அரசாங்கம் தன் யானையைச் சும்மா புதைக்காது என்று எனக்குத் தெரியும். இப்போது பிணம் எழுந்து நடக்கிறது. அதே கிழவர்கள் என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுகிறார்கள்.

இதில் யார் வாயிலிருந்து எதைப் பிடுங்கினேன்? எல்லாரும் விரும்பித்தான் விற்றார்கள். கையெழுத்து இருக்கிறது, பதிவாளர் முத்திரை இருக்கிறது. அந்தக் காகிதம் அவர்களிடம் இருந்திருந்தால் எலி தின்றிருக்கும். அன்றைக்கு நான் கொடுத்தது அவர்களுக்கு வானத்திலிருந்து விழுந்த காசு.

இன்னும் கொஞ்சம் ஏறட்டும். குவாராபாரியில் கடலைப் பார்த்த மாதிரி உனக்கு ஒரு வீடு வாங்கித் தருகிறேன். உன் முட்டிவலிக்கு அந்த மணல் நல்லது என்பார்கள்.

உன் தம்பி
ஜுராந்தீர்

பி.கு: உன் பங்குப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாய்தானே?


பெத்ரா மன்சா
10 நவம்பர் 2009

ஜுராந்தீர்,

உன் கடிதத்தில் எலும்பு இருக்கிறது, யானை இருக்கிறது, என் முட்டிவலிகூட இருக்கிறது. ஒடீலியா இல்லை. இருபத்துமூன்று வீட்டில் இருபத்திரண்டு பேர் விரும்பி விற்றார்கள், சரி. அவர்கள் அறியாமையை நீ விலைக்கு வாங்கினாய். அதையாவது வியாபாரம் என்று சொல்லி உன் மனசை நீ ஏமாற்றிக்கொள்ளலாம். இருபத்துமூன்றாவது வீட்டை மறந்துபோன மாதிரி எழுதுகிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம். ஒடீலியா அடுப்படியில் மேசைமேல் பீன்ஸைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நம்மைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து காப்பி போட்டாள். கொய்யா அல்வாவும் பாலாடைக்கட்டியும் வெட்டி வைத்தாள். நீ மூன்று துண்டு தின்றாய். பிறகு காகிதப் பேச்சை எடுத்தாய். ஊரிலேயே அவள் ஒருத்திதான் மாட்டேன் என்றாள்.

"போன் கூட வந்த காகிதம் தம்பி. பசுவை வித்து வாங்கின போன். இது வீட்டை விட்டுப் போகக் கூடாது."

ஒரு லைனுக்காக அவள் மூன்று வருஷம் காத்திருந்தது உனக்குத் தெரியும். மகன் தார்சீஸியோ பாஸ்டனுக்குப் போனதால்தான் அந்தப் போனே வந்தது. அவனுக்கு அங்கே தங்க அனுமதிக் காகிதம் கிடையாது. ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் கூப்பிடுவான், அவள் மூன்று மணிக்கே தலை சீவிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருவாள். கண்ணுக்குத் தெரியாத மகனுக்காகத் தலை சீவுகிற அந்தப் பெண்ணிடம் நீ சொன்னாய்:

"கம்பெனி கை மாறுதும்மா. பழைய காகிதம் யார்கிட்ட இருக்கோ அவங்க லைனைத்தான் புதுக் கம்பெனிக்காரன் முதல்ல கட் பண்ணுவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்படியா சுல்மிரா?"

போன் விஷயத்தில் இந்த ஊருக்கு என் பேச்சுதான் வேதம். பங்குக்கும் லைனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் தலையாட்டினேன். அவள் உடனே பேனாவைக் கேட்டாள்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தோம், ஜுராந்தீர். வாய்க்குள் அல்வா இருக்கும்போதே செய்தோம்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த வருஷமும் பாட்டோடு வீடு வீடாகப் போகிற ராஜாக்களின் கொடியை நான்தான் தூக்குகிறேன். கடைசி நாள் ஒடீலியா வீட்டுத் தெரு. ஒரு வீட்டையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீ கோமாளி முகமூடி போட்டு முன்னால் குதித்தவன்தானே. பத்து வருஷமாக அவள் வாசலில் நான் தலையைத் தூக்கியதில்லை. கொடியின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு போய்வந்தேன். இனி என்னால் முடியாது.

அதற்குள் நீ வா. அவள் எதிரில் உட்கார்ந்து, நீ சொன்னது பொய் என்று உன் வாயால் சொல். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

சுல்மிரா


பெலோ ஓரிசோந்தே
2 டிசம்பர் 2009

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் உன்மேல் கோபப்பட்டிருந்தேன். நாலாவதில் என்மேலேயே கோபப்பட்டேன், அது படிக்க இன்னும் அசிங்கமாக இருந்தது.

அந்தப் பொய்யை நான் வீட்டிலிருந்து யோசித்துக் கொண்டு வரவில்லை. அவள் மாட்டேன் என்றதும் வாயில் வந்தது. வந்த மாத்திரத்தில் எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் நினைவில்லை. அது மட்டும் அப்படியே இருக்கிறது. உன் தலை ஆடியதும் இருக்கிறது. நீ மறுத்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் அக்கா. பழியை உன்மேல் போடுவதற்காகச் சொல்லவில்லை. போடுகிறேனோ என்னவோ.

விற்றுவிடலாம் என்று போன வாரம் தரகரிடம் போனேன். விலை ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு விற்றால் இருபத்துமூன்று வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாமே என்று தோன்றியது. மறுநாள் இன்னும் ஏறியது, இன்னும் ஒரு நாள் என்றேன். அதற்கு மறுநாள் இறங்கியது, திரும்ப ஏறட்டும் என்றேன். கொடுப்பதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் சொன்னார்: "டாக்டர், நீங்க விக்க மாட்டீங்க. பொணத்துமேல உங்களுக்குப் பாசம் வந்துருச்சு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். ஒடீலியாவின் பங்குக்கு இன்றைய விலை, அதற்கு மேலும் இருக்கிறது. கொடியோடு போகும்போது எப்படியாவது அவள் வீட்டில் வைத்துவிடு. ராஜாக்கள் கொடுத்தார்கள் என்று சொல். கோயிலில் இருந்து என்று சொல். என் பெயரை மட்டும் சொல்லாதே.

ஜுராந்தீர்


பெத்ரா மன்சா
12 டிசம்பர் 2009

ஜுராந்தீர்,

உறையைத் திருப்பி அனுப்புகிறேன். எண்ணிப் பார்க்கவில்லை.

ராஜாக்களின் கொடி வீடு வீடாகக் காணிக்கை வாங்கத்தான் போகும். அதில் உன் பணத்தை ஒளித்துவைத்து அவளுக்குக் கொடுத்தால் அது இரண்டாவது பொய். அதற்கும் நான்தான் தலையாட்ட வேண்டுமா?

உன் பி.கு.வுக்குப் பதில் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். அன்றைக்குக் காரில் ஏறும்போது நீ என் காதில் சொன்னாய்: "நம்மளோடதை மட்டும் வித்துடாதே அக்கா." நான் ஏன் என்று கேட்கவில்லை. என் பத்திரம் இன்னும் பிஸ்கட் டப்பாவில் பொத்தான்களுக்கு அடியில் இருக்கிறது. ஊரார் பத்திரம் வெறும் காகிதம் என்றால் என்னுடையதை நான் ஏன் பத்து வருஷம் காப்பாற்றினேன்? எனக்கு எதிரான சாட்சியை நானே டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எவெரால்தோ கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை தம்பி, வெட்கம்தான் வந்தது. உன்னைத் திட்டுவது சுலபமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

வா. நீ பேசு, நான் பக்கத்தில் இருக்கிறேன்.

சுல்மிரா


பெலோ ஓரிசோந்தே
30 டிசம்பர் 2009

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டிக்கெட் வாங்கினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். லஃபாயேத்தே வரைக்கும் வந்தேன். அங்கே பஸ் நிற்கிற இருபது நிமிஷத்தில் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன். எதிரில் இருந்த கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தேன். பெட்டியை இறக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய்த் திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வயது அறுபதை நெருங்குகிறது. ஒரு கிழவியின் அடுப்படிக்குப் பயப்படுகிறேன். இதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ எழுதச் சொன்னாய்.

ஜுராந்தீர்


பெத்ரா மன்சா
7 ஜனவரி 2010

தம்பி,

நேற்று ஒடீலியா வீட்டுக்குப் போனோம்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. வாசலில் நின்று பாட்டைப் பாடி முடித்ததும் கதவு திறந்தது. எழுபத்துநாலு வயதில் சிவப்புச் சட்டை போட்டு, உதட்டில் சாயம்கூடப் பூசியிருந்தாள். வழக்கம்போலக் கொடியை என் கையிலிருந்து வாங்கி முத்தமிட்டாள். ஆனால் வீட்டை ஆசீர்வதிக்க அறைகளுக்குள் உடனே கொண்டு போகவில்லை. வாசலிலேயே நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"என் தார்சீஸியோவுக்கு அங்க காகிதம் கிடைச்சிருச்சு! ஜூன் மாசம் வர்றான்! பதினாறு வருஷம் ஆச்சு!"

எல்லாரும் கைதட்டினார்கள். சிறுசுகள் விசிலடித்தார்கள். அவள் பைபிளை எடுத்து வந்து அதிலிருந்து ஒரு நோட்டை உருவினாள். சிறுத்தை படம் போட்ட ஐம்பது. மடிப்புக்கூட விழாதது.

"இது ராஜாக்களுக்கு நேர்ந்துக்கிட்டது. அவனுக்குக் காகிதம் கிடைச்சா இதைக் கொடியில குத்துறேன்னு. இது யார் குடுத்த நோட்டு தெரியுமா சுல்மிரா? உன் தம்பி குடுத்தது. என் லைன் கட் ஆகாம காப்பாத்திட்டு, மேல காசும் குடுத்துட்டுப் போனான். அதைச் செலவழிக்க எனக்கு மனசு வரல. பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை போன் வச்சதும் உன் தம்பிக்கு ஒரு ஜெபம் சொல்லிட்டுத்தான் எந்திரிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே ஊசியால் நோட்டைக் கொடியில் குத்தினாள்.

அப்படியே விட்டிருக்கலாம். அவள் சந்தோஷமாக இருந்தாள். நாம் இரண்டு பேரும் செத்தபிறகு யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் உனக்காக அவள் ஜெபம் சொல்கிறாள் என்று கேட்டபிறகு என்னால் விட முடியவில்லை. அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப் போனேன். அதே மேசை.

"ஒடீலியா, அந்த லைன் கட் ஆகியே இருக்காது. காகிதம் உன்கிட்டயே இருந்திருந்தாலும் ஆகியிருக்காது. அவன் சொன்னது பொய். எனக்கு அப்பவே தெரியும். அந்தக் காகிதத்துக்கு இப்ப நல்ல விலை."

வெளியே அக்கார்டியன்காரர் எதையோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். விலை எவ்வளவு என்று கேட்பாள், உன்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நீ எதுக்குத் தலையாட்டினே?"

இருபத்திரண்டு வருஷம் எல்லார் பேச்சையும் இணைத்துவிட்ட நான் அந்த மேசையைப் பார்த்தேன்.

அவள் திரும்பிப் போய்க் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தாள். போன் இருக்கிற மூலையில் அதிக நேரம் நின்றாள். வெளியே வந்து கொடியைத் திருப்பிக் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. அக்கார்டியன்காரரிடம் கொடுத்தாள். மிச்ச வீடுகளுக்கு நான் கூட்டத்தின் பின்னால் வெறும் கையோடு நடந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கொடி கை மாறியதிலேயே ஊருக்குப் புரிந்துவிட்டது.

நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். என் பங்கை நான் சொல்லிவிட்டேன்.

சுல்மிரா


பெத்ரா மன்சா, பஸ் நிலையத்துக்கு எதிர் விடுதி
21 ஜனவரி 2010, வியாழன்

அக்கா,

விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. நேற்று மத்தியானம் வந்தேன். உன் வீடு இங்கிருந்து நாலு தெரு. வந்து கதவைத் தட்டும் துணிச்சல் இல்லை, அதனால் விடுதிப் பையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். ஒன்றுவிடாமல். தரகர் ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. இன்று காலை விடுதியில் செய்தித்தாளைப் பார்த்தேன், இன்னும் ஏறியிருக்கிறது. விற்காமல் இருந்திருந்தால் எவ்வளவு என்று என் மனசு வெட்கமில்லாமல் கணக்குப் போட்டது. உனக்கு எல்லாவற்றையும் எழுதுவது என்று முடிவு செய்தபிறகு இதை மட்டும் எப்படி மறைப்பது?

நேற்று சாயங்காலமே ஒடீலியா வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைத்தான் திறந்தாள். நான் மழையில் நின்றபடி சொன்னேன். பொய் சொன்னேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்றும் சொன்னேன், ஆசை என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. உறையை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"பொய் சொன்னது யார்கிட்ட?" என்றாள்.

"உங்ககிட்டம்மா."

"என்கிட்டதான். ஆனா எதைச் சொல்லிப் பயமுறுத்தினே? என் மகன் குரல் எனக்கு வராமப் போயிரும்னுதானே? அப்ப அவன்கிட்டயும் சொல்லணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வா. கட் ஆகாத அந்தப் போன்லயே சொல்லு. பணத்தை வாங்குறதா வேணாமான்னு அவன் சொல்லட்டும்."

சரி என்றேன். திரும்பி நாலடி வைத்ததும் கூப்பிட்டாள்.

"சுல்மிராவையும் கூட்டிட்டு வா. நீ பேசும்போது அவ என் எதிர்ல உட்கார்ந்திருக்கணும். நீ சொல்றது நெசமான்னு நான் அவளைக் கேப்பேன். அவ தலையாட்டட்டும்."

ஞாயிறு மூன்று மணிக்கு உன் வாசலில் வந்து நிற்பேன். வருவாயா, அக்கா?

ஜுராந்தீர்